மழைக்காட்டு எண்ணெய்

பெட்டி வந்த நாளிலேயே தலைமை ஆசிரியருக்கு அதன்மேல் சந்தேகம். சென்னையில் குழந்தைகளுக்குப் புத்தகம் சேர்த்து அனுப்பும் ஒரு குழுவிடமிருந்து அது வந்திருந்தது. நாங்கள் கேட்டு வாங்கியதல்ல. எங்கள் பள்ளியின் பெயர் சரியாக எழுதியிருந்தது. அனுப்பியவர்களின் முகவரியும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அவர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சும்மா யாரு டீச்சர் அனுப்புவாங்க? உள்ள மதம், கட்சின்னு எதாச்சும் இருக்கப்போவுது. நீங்களே பிரிங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் தொடக்கப்பள்ளி வரும். ஆசிரியர்கள் அவரும் நானும்தான். சின்ன வகுப்புகள் அவரிடம். பெரிய வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். நான் திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். என் கணவர் விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிய பிறகு நான் எதிர்த்திசையில் பஸ் பிடிப்பேன்.

பெட்டிக்குள் மதமும் இல்லை, கட்சியும் இல்லை. எல்லாம் மழைக்காட்டைப் பற்றிய படப் புத்தகங்கள். மரத்தின் உச்சியிலேயே பிறந்து தரையைப் பார்க்காமலே செத்துப்போகும் தவளை ஒன்றில். தன் ஜோடியை மரப்பொந்துக்குள் அடைத்துவைத்துப் பழம் ஊட்டும் இருவாச்சிப் பறவை இன்னொன்றில். நல்ல காகிதம், கண்ணைப் பறிக்கும் பச்சை. தலைமை ஆசிரியர் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "சரி, நூலகப் பாடவேளைக்கு வெச்சுக்கோங்க" என்றார். குரலில் சந்தேகம் மிச்சமிருந்தது.

எங்கள் பிள்ளைகளுக்குக் காடு என்றால் ஏரிக்கரையில் மண்டிக்கிடக்கும் வேலிக்காத்தான்தான். மழை என்றால் ஐப்பசியில் நாலு நாள். ஆண்டு முழுக்க மழை பெய்யும், பகலிலும் இருட்டாக இருக்கும் இடம் ஒன்று உண்டென்று சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. ஜன்னல்களைச் சாத்தினேன். முதல் வரிசையை விரல் சொடுக்கச் சொன்னேன், அடுத்த வரிசையைக் கை தட்டச் சொன்னேன், கடைசி வரிசையைத் தொடையில் அறையச் சொன்னேன். ஓட்டுக் கூரையின் கீழே அது நிஜமாகவே பெருமழையாகக் கேட்டது. தலைமை ஆசிரியர் பதறிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை நூலகப் பாடவேளை என்றாலே பிள்ளைகள் தாமாகவே ஜன்னலைச் சாத்தினார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு புத்தகம் ஒராங்குட்டான் குட்டியைப் பற்றியது. சிவப்பு முடி, மனிதக் குழந்தையின் கண். தாயின் முதுகைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் போகும். ஒருநாள் காட்டில் புகை எழும். மஞ்சள் இயந்திரங்கள் வரும். மரங்கள் போன இடத்தில் வரிசை வரிசையாக எண்ணெய்ப்பனை நடுவார்கள். தாயைக் காணோம். கடைசிப் பக்கத்தில் குட்டி யாரோ ஒருவரின் கையில், போர்வைக்குள் இருக்கும். அதோடு முடிந்துவிடும்.

திருத்தணி மலைக்கோயில் படிகளில் குரங்குகளோடு சண்டை போட்டே வளர்ந்தவர்கள் எங்கள் பிள்ளைகள். ஒருத்தன் உடனே கேட்டான்: "மலை மேல கொரங்கு தேங்கா மூடிய புடுங்கிகினு ஓடும் டீச்சர். இது இன்னா, அழுதுகினு கீது?"

சிரித்தார்கள். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான பெண், அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். புத்தகத்தை வாங்கி, பனை வரிசை இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ரேஷன்ல குடுக்கறாங்களே பாமாயிலு, அது இந்த மரத்து எண்ணெயா டீச்சர்?" என்றாள்.

ஆமாம் என்றேன். நம் ஊர்ப் பனை வேறு, இது வேறு. இதன் பழத்திலிருந்து எடுப்பதுதான் பாமாயில். கடல் தாண்டிக் கப்பலில் வருகிறது என்று சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில். அவ்வளவுதான் நான் சொன்னது. பிற்பாடு பலபேர் பலவிதமாகக் கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட என் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் முதல் பிள்ளைகள் எதையும் நம்பாமல் போனார்கள். பெட்டிக்கடை பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தார்கள். ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரி படிக்கத் திணறுகிறவர்கள், பி, ஏ, எல், எம் என்ற நான்கு எழுத்துகளை எந்தப் பாக்கெட்டிலிருந்தும் பொறுக்கி எடுத்தார்கள். சோப்பு உறை, நூடுல்ஸ் உறை, கேக் உறை எல்லாம் என் மேஜைக்கு வந்தன. சத்துணவு சமைக்கும் அம்மா என்னிடம் முறையிட்டார். தாளிக்கும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, என்ன எண்ணெய் என்று கேட்கிறார்களாம். முட்டையை முகர்ந்து பார்க்கிறார்களாம். எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. தலைமை ஆசிரியருக்கு இல்லை. அரசாங்கம் தரும் எண்ணெயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேச்சு வந்தால் அது எங்கேயோ போய் நிற்கும் என்றார்.

அவர் சொன்னது போல எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குள்ளேதான் போனது.

புது மாதம் பிறந்து ரேஷன் சாமான் போட்ட சில நாட்களில், பஸ்ஸில் பெண்கள் எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வாங்கி வைத்த பாமாயில் பாக்கெட்டைக் காணோம். முதலில் ஒரு வீட்டில், அப்புறம் அடுத்த தெருவில். கைபேசிக்கு எண்ணெய் வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அடுப்படியில் எண்ணெய் இல்லை. அவசரத்தில் வாங்க மறந்தோமா, பையில் போடாமலே ரேஷன் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று ஆளாளுக்குக் குழம்பினார்கள். பின் கடைக்காரர்தான் என்று முடிவானது. கடை வாசலில் கூடிச் சத்தம் போட்டார்கள். அவர் கைரேகை இயந்திரத்தைத் தூக்கிக் காட்டி, விரலை வைத்தது யார், என் பாட்டனா என்று கேட்டாராம். நல்ல மனிதர்தான். கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டையும் நாலு பேர் பார்க்க உயர்த்திக் காட்டிவிட்டே கொடுத்தார்.

கடைக்காரர் இல்லையென்றால் வேறு யார்? அங்கிருந்துதான் விஷயம் கெட்டுப்போனது. வீட்டுக்கு வந்துபோன ஆட்களை நினைத்துப் பார்த்தார்கள். யார் வீட்டில் திடீரென்று வடை வாசனை வந்தது என்று கவனித்தார்கள். பகலில் கதவைத் தாழ் போடாத ஊரில் பூட்டு தொங்க ஆரம்பித்தது.

அந்த நான்காம் வகுப்புச் சிறுமியின் வீட்டில் நடந்ததை சத்துணவு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வாசல். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒன்றாகக் களையெடுக்கப் போய், ஒன்றாகத் திரும்பி, ஒரே கல்லில் மாவரைத்துக்கொண்டிருந்தவர்கள். எண்ணெய் காணாமல் போன அன்று சிறுமியின் அம்மா ஓரகத்தியைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறாள். நேராகக்கூடக் கேட்கவில்லையாம். வாசலில் கோழியைத் துரத்துகிற மாதிரி ஒரு வார்த்தை. அது போதுமாக இருந்தது. பேச்சு நின்றது. பெரியப்பா வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவுக்கு ஹாலோ பிளாக் அடுக்கி எழுப்பிவிட்டார்.

பிறகு சிறுமியின் அம்மாவுக்குச் சந்தேகம் தன் புருஷன்மேல் திரும்பியது. அந்த ஆள் முன்பு குடித்துக்கொண்டிருந்தவர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து, மலையில் முடி இறக்கி, குடியை விட்டவர். விட்டதை ஊரே பார்த்திருந்தது. ஆனாலும், வீட்டில் ஒரு பொருள் காணவில்லை என்றால் பழைய நினைப்பு வரத்தானே செய்யும்? பாக்கெட்டை விற்றுக் குடித்தாயா என்று அவள் கேட்டிருக்கிறாள். முருகன் மேல் சத்தியம் செய்திருக்கிறார். நீ செய்யாத சத்தியமா என்றிருக்கிறாள். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய், வேலை பார்க்கும் கொல்லையின் மோட்டார் கொட்டகையிலேயே படுக்க ஆரம்பித்தார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சிறுமி ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தாள். கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை ஜன்னலைச் சாத்தினாள்.

சந்தேகம் என்னிடமும் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. எங்கள் பள்ளி இருக்கும் ஊர்ப் பெண்கள் நின்றுகொண்டே வந்தார்கள். என்னவென்று சத்துணவு அம்மாவிடம் விசாரித்தேன். திருத்தணிக் கடைத்தெருவில் கடலை எண்ணெய் ஆட்டும் செக்குக்காரர் எனக்குச் சொந்தமாம். அவர் வியாபாரத்துக்காக நான் பிள்ளைகளிடம் ரேஷன் எண்ணெய் விஷம் என்று சொல்லித் தருகிறேனாம். ரேஷன் கடைக்காரரும் பஸ் நிறுத்தத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்றார்.

செக்குக்காரர் எனக்குச் சொந்தமில்லை. ஆனால் புத்தகங்களை வைக்க இரும்பு அலமாரி ஒன்று வேண்டுமென்று நான் கேட்டு, அவர்தான் வாங்கித் தந்திருந்தார். அலமாரியை இறக்க வந்த அன்று புத்தகங்களைப் புரட்டினார். ஒராங்குட்டான் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தார். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் செக்குக்குப் போனேன். எடைத் தராசுக்குப் பின்னால் சுவரில், வண்ணப் பிரதி எடுத்துப் பெரிதாக்கி, அந்தக் குட்டி ஒட்டப்பட்டிருந்தது. கீழே சிவப்பு மையில் 'பாமாயில் வேண்டாம், கடலை எண்ணெய் வாங்குவீர்.' சந்தைக்கு வரும் எங்கள் பள்ளி ஊர்க்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

"நல்ல விசயம்தானேம்மா, நீங்க சொல்றதத்தான நானும் சொல்றேன்" என்றார் அவர்.

நான் சொல்வது அதுவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவரைக் கேட்காமலே படத்தைக் கிழித்து எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. ஆனால் நான் படியிறங்கியபோது உள்ளே யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார். அலமாரி வாங்கித் தந்தது நல்ல மனதாலா, கணக்குப் போட்டா? இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தபோது, வகுப்பறையின் பின்மூலையில் எறும்புச் சாரை ஒன்றைக் கண்டேன். புத்தகம் வந்த அதே அட்டைப்பெட்டி அங்கே இருந்தது. பழைய சுதந்திர தின பேனரை அதன்மேல் மூடி வைத்திருந்தோம். தரையில் பெட்டியைச் சுற்றி ஈரமாக இருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. பேனரை விலக்கினேன். உள்ளே பாமாயில் பாக்கெட்டுகள். ஒழுங்காக அடுக்கியிருந்தன. அடியில் ஒன்று கிழிந்து கசிந்திருந்தது.

எனக்கு முதலில் பிள்ளைகள் ஞாபகமே வரவில்லை. யாரோ என்னை மாட்டிவிட வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ரேஷன் கடைக்காரர் முகம் வந்தது. திருட்டுப் பட்டம் தன்மேலிருந்து போக வேண்டுமென்றால் அதை இன்னொருத்தர் மேல்தானே ஏற்ற வேண்டும்? பள்ளிச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று யோசித்தேன். தலைமை ஆசிரியரிடம் ஒன்று, சத்துணவு அம்மாவிடம் ஒன்று. அவர்களையும் சந்தேகப்பட்டேன். அன்றாடம் எனக்கு ஊறுகாய் கொடுத்துச் சாப்பிடச் சொல்லும் பெண்ணை, அந்த ஒரு நிமிடம், என்னை வேவு பார்க்கிறவளாக நினைத்தேன். இந்த நேரத்தில் யாராவது உள்ளே வந்து கைபேசியில் படம் எடுத்தால் என்ன ஆகும்? கையில் எண்ணெயோடு கதவைச் சாத்தப் போனேன்.

வாசலில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். கழுவிய தட்டுகளைப் பிடித்துக்கொண்டு, பெட்டியையும் என்னையும் பார்த்தபடி. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. யார் வைத்தது என்று கேட்டேன். எல்லாக் கண்களும் அந்தச் சிறுமியிடம் போயின. அவள் மறைக்கவில்லை.

"திருப்பி அனுப்பறதுக்கு டீச்சர். பொட்டி மேல அட்ரஸ் கீது. அவங்களுக்குத்தான் அந்தக் காடு எங்க கீதுன்னு தெரியும். நமக்கு வாணாம்னு அனுப்பிட்டா மரம் வெட்ட மாட்டாங்க இல்ல?"

கூரியர் எப்படி அனுப்புவது என்று தெரியாததால் காத்திருந்தார்களாம். பெட்டி நிறைந்ததும் என்னிடம் சொல்வதாக இருந்தார்களாம். வீட்டில் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்றாள். அது உண்மை. அவள் அப்பாவை நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

"உங்க நைனாவ அம்மா அவ்வளவு பேசினாங்களே, அப்பக்கூடச் சொல்லத் தோணலியா உனக்கு?"

அவள் தட்டின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நைனா பெரியவரு டீச்சர். தாங்கிப்பாரு. அந்தக் குட்டி சின்னது" என்றாள்.

அழக்கூடாது என்று ஜன்னலைத் திறக்கப் போனேன்.

தலைமை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்திவிட்டு, "உண்மையச் சொல்லுங்க டீச்சர், நீங்க எதுவும் சொல்லாமயா இதுங்க கொண்டாந்துச்சுங்க?" என்று கேட்டார். கூட வேலை பார்க்கிற மனிதர் அப்படிக் கேட்டது, பஸ்ஸில் காலியாகக் கிடந்த அந்த இடத்தைவிட அதிகமாக வலித்தது. நான் சொன்ன ஒரே வார்த்தையைத் திரும்பச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சத்தமில்லாமல் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்பிவிடலாம் என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் அடி விழும், என்மேல் உள்ள பேச்சும் போகாது, எல்லோரையும் வரச்சொல்லிச் சொல்லிவிடலாம் என்றேன். யோசித்துச் சம்மதித்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

மறுநாள் வேலை விட்டு வந்தவர்கள் பள்ளித் தாழ்வாரத்தில் கூடினார்கள். ரேஷன் கடைக்காரரும் வந்து முன்னால் உட்கார்ந்தார். பெட்டியை நடுவில் வைத்துத் தலைமை ஆசிரியர் நடந்ததைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பிள்ளைகளைத் திட்டவுமில்லை. பிறகு அவரவர் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது புதுச் சிக்கல் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, எது யாருடையது? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்றால் பெட்டியில் இருந்ததைவிடக் கேட்டவர்கள் அதிகம். யார் பொய் சொல்கிறார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கசிந்த பாக்கெட்டை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. கடைசியில் ரேஷன் கடைக்காரர் எழுந்து, பிள்ளைகளையே கொடுக்கச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரியும் என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவரவர் அம்மாவின் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாமல் கை நீட்டியிருந்தவர்கள் மெதுவாகப் பின்னால் போனார்கள்.

சிறுமியின் அம்மா பாக்கெட்டை வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"புள்ளைக்கு யாரும் சொல்லிக் குடுக்காம இந்த நெனப்பு எப்படிங்க டீச்சர் வரும்?"

டீச்சர் சொல்லலம்மா என்று சிறுமி அவள் புடவையை இழுத்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் கதை படித்தேன், அவள் கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவள் புருஷன் உள்ளே வராமல் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அவள் என்னை விட்டுவிட்டு அவரிடம் போனாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பாக்கெட்டை அவர் கையில் கொடுத்தாள். "வூட்டுக்கு வா" என்றாள். அவர் அதை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே நடந்தார்.

எதுவும் உடனே பழையபடி ஆகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்; ஆனால் பேச்சை யோசித்துப் பேசினார்கள். அந்தப் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிடச் சொன்னார் தலைமை ஆசிரியர். நான் பூட்டவில்லை; அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் எடுக்கவும் இல்லை. எனக்கே அதன்மேல் ஒரு சந்தேகம் விழுந்திருந்தது. கடையில் பத்து எண்ணெயில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய கதை அது. மாதத்துக்கு ஒரு பாக்கெட் மலிவாக வந்தால்தான் வடை என்கிற வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டால் என்ன செய்யும் என்று எழுதினவர்கள் நினைத்திருப்பார்களா? எங்கள் பிள்ளைகள் கேட்கக்கூடாத கதை என்றும் எனக்குச் சொல்ல மனமில்லை. காடு எரிவதும் உண்மைதானே.

பிறகு ஒரு சாயங்காலம் சிறுமியின் அம்மா வந்தாள். பிள்ளைகள் போயிருந்தார்கள், நான் பையை எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தானையில் மண், கையில் களைக்கொத்து. வாசலிலேயே நின்று, "அந்தப் புக்கக் காட்டுங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும். ஆனால் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்தாள். ஏதாவது மறைந்திருக்கிறதா என்று தேடுகிறவளைப் போலப் பக்கத்தின் ஓரங்களையெல்லாம் பார்த்தாள். புகைப் பக்கத்தில் நிறுத்தினாள். தாய் எங்கே என்று கேட்டாள். தெரியாது, காணாமல் போய்விட்டது என்றேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். போர்வைக்குள் குட்டி. புரட்டினாள், பின் அட்டைதான் இருந்தது. திரும்பி வந்து, இரண்டு பக்கம் சேரும் இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"கடசிப் பக்கத்தக் கிழிச்சிட்டீங்களா?"

இல்லை, கதை அவ்வளவுதான் என்றேன்.

"அப்பாலிக்கா அம்மாகிட்ட சேந்துச்சா, இல்லியா?"

"அதுல போடலம்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எதையோ ஒளிக்கிறேன் என்று அவள் நினைத்தது அந்தப் பார்வையில் நன்றாகத் தெரிந்தது. "முடியாத கதைய இன்னாத்துக்கு டீச்சர் புள்ளைங்களுக்குச் சொல்றீங்க? அதுங்க போயி முடிக்கப் பாக்குது" என்றாள்.

புத்தகத்தை மூடி, மேல் அட்டையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்து, என்னிடம் நீட்டினாள். கோபமாகப் பேசவில்லை. எழுந்து, ராத்திரியில் மகள் அந்தக் குரங்கைப் பற்றியே கேட்டு உயிரை வாங்குகிறாள், அதனால்தான் பார்க்க வந்தேன் என்றாள். அவள் கேட்டால் என்ன பதில் சொல்கிறாய் என்று கேட்டேன். குட்டியின் அம்மா வேறு பக்கமாகத் தேடிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள். பொய்தான், ஆனால் தூங்குகிறாள் என்றாள்.

அவர்கள் வீட்டில் இப்போது ரேஷன் சாமான் வாங்க மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எண்ணெய்ப் பாக்கெட்டைத் தெருவில் எல்லோரும் பார்க்க அவள் கையிலேயே தூக்கிவரச் சொல்கிறாள் அம்மா. அப்பா குடிக்கவில்லை. பொங்கலன்று சிறுமி வடை சாப்பிட்டாள் என்று சத்துணவு அம்மா சொன்னார். வாசலுக்குக் குறுக்கே எழுந்த ஹாலோ பிளாக் சுவரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். ஓரகத்திகள் அதன் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பேசுகிறார்கள்.

நான் மறுபடி வெள்ளிக்கிழமைகளில் மழைக்காட்டுப் புத்தகங்களைப் படிக்கிறேன். ஒரு வித்தியாசம், பிள்ளைகள் ஜன்னலைச் சாத்தினாலும் ஒன்றை நான் திறந்து வைக்கச் சொல்கிறேன். அந்த நேரத்தில் யாராவது ஒரு அம்மாவுக்குப் பள்ளிப் பக்கம் வேலை வந்துவிடுகிறது. குழாயில் தண்ணீர் பிடிக்க, ஆட்டைத் தேட, சும்மா நிழலுக்கு நிற்க. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பில்லாமல், நான் என்ன சொல்லித் தருகிறேன் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, ஜன்னல் பக்கமும் ஒருமுறை திருப்பிக் காட்டுகிறேன்.